ஊருக்கு வந்த எழுப்புதல்

ஊருக்கு எப்படியாவது எழுப்புதல் வந்து, ஜனங்களெல்லாம் ஆண்டவரிடம் திரும்பிவிட வேண்டும் என்பதே சர்ச் கோபுரத்துக் கூம்பு ஸ்பீக்கரின் ஓயாத ஜெபம். வாசலில் இருந்த தண்ணீர்ப் பானையைக் கண்டாலோ அதற்கு இளக்காரம்.

“ஆண்டவரைப் பத்தி ஒரு நாளாவது வாயைத் திறந்திருக்கியா, சிஸ்டர்?”

“திறந்துதான் வச்சிருக்கேன், பிரதர். தாகத்தோட வர்றவங்க மொண்டு குடிக்கிறாங்க.”

அன்று மூட்டை தூக்கிக் களைத்த ஒருவர் வயிறாரக் குடித்தார். “தண்ணி வச்ச மகராசங்க யாரு? கொஞ்சம் கண்ணசந்துட்டு உள்ளே போய்ப் பார்க்கணும்” என்று வேப்பமர நிழலில் சாய்ந்தார்.

ஸ்பீக்கருக்கு இருப்புக் கொள்ளவில்லை. “இளைப்பாறுதல்! இங்கே இளைப்பாறுதல் உண்டு!” என்று தெருவே அதிர முழங்கியது.

அலறியடித்து எழுந்தவர், காதைப் பொத்திக்கொண்டு தெருமுனை தாண்டி ஓடியே போனார்.

“அல்லேலூயா!” என்றது ஸ்பீக்கர். “ஒரே வார்த்தைதான். எப்படி எழுப்பினேன் பார்த்தியா, சிஸ்டர்!”