ராஜா அங்கியின் ஆட்சி

நாடகக் குழுவின் உடைப் பெட்டியில் ராஜா அங்கிதான் எப்போதும் மேலே இருக்கும். கீழே மடங்கிக் கிடக்கும் சேவகன் வேட்டியிடம், "நான் மேடையேறினால் சபையே எழுந்து நிற்கும்" என்று அது அலட்டிக்கொள்ளும்.

இந்த முறை குழு நகைச்சுவை நாடகம் போட்டது. உடை தைப்பவர் அங்கியை முழங்காலுக்கு மேலே வெட்டி, ஒரு கையை நீளமாகவும் மறு கையைக் குட்டையாகவும் தைத்துக் கோமாளிக்கு மாட்டிவிட்டார். அவன் மேடைக்கு வந்ததும் கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. அங்கிக்கு உடம்பெல்லாம் கூசியது.

பெட்டிக்குத் திரும்பியதும் வேட்டி தயங்கிக் கேட்டது: "ராஜா, எல்லாரும் ஏன் அப்படிச் சிரித்தார்கள்?"

அங்கி சற்று யோசித்தது. பிறகு கசங்கிய சரிகையை நீவிக்கொண்டு நிமிர்ந்தது.

"என் ஆட்சியில் குடிமக்கள் அவ்வளவு சந்தோஷமாக இருக்கிறார்கள்."