ஒன்றும் வளராத தட்டு

தன் கல்லூரித் துறையில் எல்லோருடைய கையையும் பஞ்சால் துடைத்து, ஆளுக்கொரு கண்ணாடித் தட்டில் கிருமி வளர்த்திருந்தாள் மாணவி. நாளை ஆய்வைச் சமர்ப்பிக்க வேண்டும். ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக எதுவுமே தடவாமல் மூடிவைத்த, ஒன்றும் வளரக்கூடாத தட்டில் ஆரஞ்சுப் புள்ளிகள் முளைத்திருந்தன.

“யாரோ திறந்திருக்காங்க சார்.”

“வேற யாரு, நீதான். லேப் சாவி நம்ம ரெண்டு பேர்கிட்டதானே இருக்கு? முதல்லேர்ந்து ஆரம்பி,” என்றார் பேராசிரியர், தாடியை நீவிக்கொண்டே.

அவளுக்கு அழுகை வரவில்லை, சந்தேகம்தான் வந்தது. மற்ற தட்டுகளை ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். ஒன்றே ஒன்றில்தான் அதே ஆரஞ்சு. அதை அவர்முன் வைத்தாள். மூடியில் ‘சார் கை’ என்று எழுதியிருந்தது.

தாடியை நீவிய கை அப்படியே நின்றது.

“நிஜமாவே ஒண்ணும் வளரலையான்னு தினமும் திறந்து பார்த்தேம்மா.”