ஒன்பது பொங்கல்

நாற்பத்தைந்து ரூபாய் பாக்கியை மடியில் முடிந்துகொண்டு, கரும்பும் மஞ்சள்கொத்துமாகச் சவரியப்பன் பந்தல்குடியில் பஸ் ஏறி, அருப்புக்கோட்டையில் கன்னியாஸ்திரிகள் நடத்தும் முதியோர் மடத்துக்கு வந்து சேர்ந்தார். முற்றத்தில் பொங்கல் பானையைச் சுற்றிக் கிழவர்களும் கிழவிகளும் உட்கார்ந்திருந்தார்கள்.

“சேர வந்தீகளா பெரியவரே? கட்டில் காலியில்லையே” என்றான் வாசல் காவல்காரன்.

“ஏலே, எனக்கு இன்னும் பருத்திக்காட்டுல களைவெட்டத் தெம்பிருக்கு. மகளுக்குப் பொங்கச்சீர் கொண்டாந்திருக்கேன்.”

“இங்க இருக்கிற பொம்பளைக எல்லாம் எழுபதைத் தாண்டினவுக. உம்ம மகளுக்கு என்ன வயசு?”

“முப்பது.”

காவல்காரன் சிரித்த சிரிப்பில், அடுப்புக்கு விறகு தள்ளிக்கொண்டிருந்த கன்னியாஸ்திரி நிமிர்ந்து பார்த்தாள். “அய்யா!” என்று ஓடிவந்தாள்.

மடத்தில் சேரப்போகிறேன் என்றவளை, ‘நீ எனக்கு மகளே இல்லை’ என்று ஒன்பது வருசமாகத் தள்ளிவைத்திருந்தார் சவரியப்பன்.

“ஒன் தங்கச்சிக்கு வருசந்தவறாம அஞ்சு ரூவாயும் கரும்பும் குடுத்தேன். ஒனக்குத்தான் ஒன்பது வருசப் பாக்கி, தாயி.”

“அது கட்டிக்குடுத்த மகளுக்குல்ல குடுக்கிறது?”

சவரியப்பன் மடத்துச் சிலுவையை அண்ணாந்து பார்த்தார். தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டினார்.

“மருமகன் வீட்டுக்கு வெறுங்கையோட வரலாமா?”

அவள் இரண்டு கையாலும் பணத்தை வாங்கி, நேரே மடத்துத் தலைவியிடம் கொண்டுபோய்க் கொடுத்தாள்.

“எங்க அய்யா வீட்டுச் சீரு, மதர்.”