அரைப் பக்கத்துக்கு ஒரு வாரம்

"அரைப் பக்கம் எழுத ஒரு வாரமா சார்?" என்று கேட்டேன்.

கேட்டது குழுவின் சனிக்கிழமைக் கூட்டத்தில். என் கணினித் திரையில் எட்டு முகங்கள். ஏழு பேர் தங்கள் நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எட்டாவது மருந்துக்கடைக்காரர். கடையிலிருந்தே கூட்டத்துக்கு வருபவர். யாருக்கோ இருமல் மருந்து எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

எந்த மொழி எழுத்தும் எந்தத் திரையிலும் ஒழுங்காகத் தெரிய வேண்டும் என்று, இணைய உலாவி தயாரிக்கிறவர்களுக்கு விதிகள் எழுதிக் கொடுக்கிற குழு எங்களுடையது. எல்லோரும் தன்னார்வலர்கள். சம்பளம் கிடையாது, சண்டை தாராளம்.

தமிழ் அறிக்கையில் என் பங்கு, பழைய பின்னக் குறிகள். எட்டில் ஒன்றான அரைக்காலுக்கும் பதினாறில் ஒன்றான மாகாணிக்கும் ஒரு காலத்தில் தனித்தனிக் குறி இருந்தது. அவை திரையில் தெரிகின்றனவா என்று பார்க்க நாற்பது சோதனைப் பக்கங்கள் செய்தேன். ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்து, நாற்பதுக்கும் 'எங்கும் சரியாகத் தெரிகிறது' என்று எழுதிக் கொடுத்தேன். இதையெல்லாம் இப்ப யாருடி எழுதுறா என்று கேட்ட அக்காவோடு இரண்டு நாள் பேசவில்லை.

மருந்துக்கடைக்காரரின் பங்கு முன்னுரை. அரைப் பக்கம். கையகல அரைப் பக்கம்.

அன்றுதான் அறிக்கையை வெளியிடுவதாக இருந்தது. மேற்படிப்பு விண்ணப்பத்தில் அதன் இணைப்பைப் போட்டு, முதல் பெயர் என்னுடையது என்று பீற்றிக்கொள்ளக் காத்திருந்தேன். யாருக்காவது ஆட்சேபணை உண்டா என்று ஒருங்கிணைப்பாளர் மேடம் ஒரு பேச்சுக்குக் கேட்டார். மருந்துக்கடைக்காரர் கையைத் தூக்கினார். தன் பகுதியில் கொஞ்சம் வேலை பாக்கியாம். ஒரு வாரம் வேண்டுமாம்.

நான் பிடித்துக்கொண்டேன். இரண்டு மாதமாக என்ன செய்தீர்கள் என்றேன். நாங்கள் எல்லாம் வேலை வெட்டி இல்லாமலா வருகிறோம் என்றேன். மாத்திரை அட்டையின் பின்பக்கத்தில் எழுதியிருந்தால்கூட இந்நேரம் முடிந்திருக்கும் என்றேன். மேடம் இரண்டு முறை தொண்டையைச் செருமினார். நான் நிறுத்தவில்லை.

மருந்துக்கடைக்காரர் நிதானமாகக் கேட்டார். "உங்க விண்ணப்பத்துக்குக் கடைசி நாள் எப்பம்மா?"

"இன்னும் பன்னிரண்டு நாள்."

"அப்ப ஒரு வாரம் தாங்கும்."

தாங்குமாம். எனக்குச் சுர்ரென்று ஏறியது.

எங்கள் கூட்டத்தில் பேசுவது எல்லாம் கூட்டக் குறிப்பாக எழுதப்பட்டு இணையத்தில் போய்விடும். யார் வேண்டுமானாலும் படிக்கலாம். ஒருமுறை போட்டால் அழிக்க முடியாது. அதனால்தான் சொன்னேன்: "தாமதத்துக்கு யார் காரணம்னு பேர் போட்டு எழுதுங்க மேடம். நாளைக்கு யாரும் என்னைப் பார்த்துக் கேக்கக் கூடாது."

மேடம் தயங்கினார். மருந்துக்கடைக்காரரே சொன்னார். "எழுதிக்கோங்க மேடம். என் வேலைதான் முடியல." பிறகு திரும்பி, குழந்தைக்கு எத்தனை வயது என்று யாரிடமோ விசாரிக்கப் போய்விட்டார்.

மறுநாள் அந்தக் குறிப்பை அக்காவுக்கு வாசித்துக் காட்டினேன், வெற்றிக் களிப்போடு. அப்படி நீ என்னதான் கிழிச்சிருக்கே, காட்டு என்றாள். சோதனைப் பக்கங்களை அவள் போனுக்கு அனுப்பினேன்.

கொஞ்ச நேரம் தள்ளித் தள்ளிப் பார்த்தாள். "என்னடி இது, வெறும் கட்டம் கட்டமா இருக்கு. குறுக்கெழுத்துப் போட்டியா?"

போனைப் பிடுங்கிப் பார்த்தேன். கட்டம்தான். அம்மா போனிலும் கட்டம். மாடி வீட்டுக்காரர் போனிலும் கட்டம். என் கணினியில் மட்டும் மாகாணி மணிமணியாக இருந்தது.

அப்புறம்தான் உறைத்தது. வேலையைத் தொடங்கிய அன்றே, இந்தக் குறிகள் உள்ள ஓர் எழுத்துருவைத் தேடி என் கணினியில் ஏற்றியிருந்தேன். ஏற்றியதை மறந்தும் போனேன். வேறு எந்தத் திரையிலும் பார்க்காமல் 'எங்கும்' என்று எழுதியிருக்கிறேன். அறிக்கை சனிக்கிழமை போயிருந்தால், உலாவிக்காரர்கள் இங்கே குறை ஒன்றும் இல்லை என்று மூடி வைத்திருப்பார்கள். என் விண்ணப்பத்தைப் படிக்கிறவர் இணைப்பைத் தட்டியதும், முதல் பெயராக நான், கீழே நாற்பது பக்கம் கட்டம்.

வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு சோம்பேறிக்கு நன்றி சொன்னேன். மனசுக்குள்தான்.

வகுப்பில் பத்துப் பேர் போனைக் கெஞ்சி வாங்கி, நாற்பதையும் முதலிலிருந்து பார்க்க ஆரம்பித்தேன். வெள்ளிக்கிழமை வரை முப்பதுதான் முடிந்திருந்தது. இன்னும் இரண்டு நாள் வேண்டும். நான் கேட்டால் குறிப்பில் என் பெயர் ஏறும். அழியாது.

சட்டென்று ஒரு வழி தோன்றியது. மருந்துக்கடைக்காரருக்குப் போன் போட்டேன். குரலில் எவ்வளவு பெருந்தன்மை முடியுமோ அவ்வளவும் சேர்த்துக்கொண்டேன்.

"சார், அன்னைக்கு நான் கொஞ்சம் அதிகமாப் பேசிட்டேன். நீங்க முன்னுரையை நிதானமா எழுதுங்க. இன்னும் ரெண்டு நாள் வேணும்னாலும் கேளுங்க, நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

அந்தப் பக்கம் ஏதோ டப்பாவை மூடுகிற சத்தம் கேட்டது.

"முன்னுரை போன மாசமே முடிஞ்சதும்மா," என்றார். "கட்டம் கட்டமாத் தெரியுற அந்த நாற்பதையும் திருத்த உங்களுக்கு ரெண்டு நாள் போதுமா, இல்ல நான் மூணாவே கேட்டுடட்டுமா?"