அப்பாவுக்கு அல்ஜீப்ரா

சிரிக்கத் தயாராக இருங்கள். ஆனால் இப்போதே பல்லைக் காட்டிவிடாதீர்கள். முதலில் கொஞ்சம் கணக்குப் போட வேண்டியிருக்கிறது.

வகுப்பில் அவளுக்கு ‘மைக்’ என்று பெயர். தலைமையாசிரியையின் மூக்கடைப்பு, வாட்ச்மேனின் கொட்டாவி என எல்லாக் குரலும் அவள் தொண்டையில் வாடகையில்லாமல் குடியிருந்தது.

வராதது கணக்கு ஒன்றுதான். போன வருடம் அதில்தான் கோட்டைவிட்டாள். இந்த வருடமும் தோற்றால் பள்ளிப் பதிவேட்டிலிருந்து பெயரை அடித்துவிடுவதாகத் தலைமையாசிரியை சொல்லியாகிவிட்டது. எப்படியும் அடிக்கப்போகிறார்கள், வகுப்பில் உட்கார்ந்து வேறு அவமானப்படணுமா? முதல் பீரியடான கணக்குக்கு முழுக்குப் போட முடிவு செய்தாள்.

மறுநாள் காலை பள்ளி மாடிப்படிக்குக் கீழே உட்கார்ந்து ஆசிரியர் அறைக்குப் போன் செய்தாள். எடுத்தது கணக்கு மிஸ். அப்பாவின் கட்டைக் குரலில், அவருடைய இருமலையும் சேர்த்து, பொண்ணுக்கு வயிற்றுவலி, இரண்டாவது பீரியடுக்குத்தான் வருவாள் என்றாள்.

மறுமுனையில் ஏதோ பட்டனைத் தட்டும் சத்தம் கேட்டது.

“பாடம் போயிடுமே சார்,” என்றார் மிஸ். “மணி அடிக்கப் பத்து நிமிஷம் இருக்கு. பேப்பர் எடுங்க, உங்களுக்கே சொல்லித் தரேன். சாயங்காலம் அவளுக்கு நீங்க சொல்லிக் குடுங்க.”

“எனக்கா? எனக்கு எதுக்குங்க மிஸ்...”

“எழுதிக்குங்க. ரெண்டு எக்ஸ் கூட்டல் மூணு...”

எழுதினாள். வேறு வழி?

அடுத்த போனில் மிஸ் பழைய பாடத்திலிருந்து கேள்வி கேட்டார். ‘அப்பா’ திருதிருவென்று விழித்தார். அப்படியானால் நேரில் வீட்டுக்கு வந்தே சொல்லித் தருவதாக மிஸ் சொல்ல, அன்றிலிருந்து அப்பாவின் மானத்தைக் காப்பாற்ற மகள் விழுந்து விழுந்து படித்தாள்.

விடை சரியாக வந்தால் மிஸ் சொல்வார்: “உங்களுக்கு நல்ல மூளை சார். அதுதானே உங்க பொண்ணுக்கும் இருக்கும்?”

அதைக் கேட்பதற்காகவே சில நாள் வயிற்றுவலி வந்தது.

பரீட்சையில் அறுபத்தெட்டு. பெயர் பிழைத்தது. ஆனால் மிஸ் அப்பாவை வரச் சொல்லியிருந்தார். இரண்டு பேரும் பேசினால் குட்டு உடைந்துவிடுமே என்று ஆசிரியர் அறைக்குத் தலைதெறிக்க ஓடினாள். அதற்குள் அப்பா நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

மிஸ் இன்னொரு நாற்காலியை இழுத்துப் போட்டார்.

“வாங்க சார், உட்காருங்க.”

மைக் திரும்பிப் பார்த்தாள். பின்னால் யாரும் இல்லை.

அப்பா குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். “பேரை மட்டும் அடிச்சிடாதீங்கன்னு கேக்க வந்து இதே இடத்துலதான்மா உக்காந்திருந்தேன், உன் முதல் போன் வந்தப்ப. மிஸ் ஸ்பீக்கரைப் போட்டாங்க. என்னைவிட நீ நல்லா இருமுறே.”