குளியலறைக் கண்ணாடியில் ஐந்து சொற்கள்

“ஆரம்பத்துல அஞ்சு வார்த்தை சொன்னேன்ல? அதை இப்போ திருப்பிச் சொல்லுங்க,” என்றார் நினைவாற்றலைச் சோதிக்கும் அம்மா.

இதற்குத்தான் காத்திருந்தேன்.

அதற்குள் அரை மணி நேரம் என்னைப் பிழிந்து எடுத்துவிட்டார். நூறிலிருந்து ஏழேழாகக் கழிக்கச் சொன்னார். கடிகாரம் வரையச் சொன்னார். எண்களைத் தலைகீழாக ஒப்பிக்கச் சொன்னார். தலைக்குள் ஈரத்துணியை அடைத்து வைத்தது போல் இருந்தது. வாசலில் இறங்கி இந்த அறை வரை நடந்ததிலேயே பாதி உயிர் போயிருந்தது.

எனக்கு மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ். நரம்பின் மேலுறை அங்கங்கே அரித்துப்போகும் நோய். கால் தடுமாறினால் ஓடிவந்து நாற்காலி போடுகிறார்கள். நினைவு தடுமாறினால் அசட்டை என்கிறார்கள்.

ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் எனக்கு வேலை. ஏழு மாதங்களுக்கு முன் இரண்டு பேருடைய ரத்தக் குழாய்களில் பெயரை மாற்றி ஒட்டிவிட்டேன். நல்லவேளை, பக்கத்து மேசைக்காரி பார்த்துவிட்டாள். அன்றிலிருந்து வீட்டில்தான் இருக்கிறேன். இந்த அம்மா கையெழுத்துப் போட்டால்தான் மறுபடியும் என் மேசை.

போன தடவை இதே அறையில் ஐந்தில் ஒன்றுதான் சொன்னேன். ஆறு மாதம் கழித்து வரச் சொன்னார்கள். துணைக்கு வந்திருந்த என் வீட்டுக்காரர் ஐந்தையும் மருந்துச் சீட்டின் பின்னால் கிறுக்கிக்கொண்டு வந்துவிட்டார்.

மறுநாளே அது குளியலறைக் கண்ணாடியில் ஏறியது. நான் பல் தேய்க்கும்போது சீட்டைக் கையால் மூடிக்கொண்டு, “ம், சொல்லு பாப்போம்” என்பார். வாயில் நுரையோடு சொல்வேன். முதல் மாதம் முழுக்கத் திணறினேன். என் மூஞ்சியைவிட அந்தச் சீட்டைத்தான் அதிகம் பார்த்திருப்பேன். போகப் போக, தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்கிற அளவுக்கு வந்துவிட்டேன்.

திருட்டுத்தனம்தான். வெட்கமாகவும் இருந்தது. ஆனால் எனக்கு என் மேசை வேண்டும்.

அதனால் இன்று அவர் ஐந்தையும் படித்தபோது நான் காது கொடுக்கவே இல்லை. தெரிந்ததுதானே என்று, கிடைத்த அந்த அரை நிமிடம் கண்ணை மூடிக்கொண்டேன். வாய் திறக்கக் கூடாது என்ற நிபந்தனையோடு மூலையில் உட்கார்ந்திருந்த வீட்டுக்காரர் இரண்டு தடவை இருமினார். இந்த மனிதருக்கு நேரம் காலமே கிடையாது என்று எரிச்சல்பட்டேன்.

இப்போது நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

“குதிரை, ஏணி, ஊதா, சீப்பு, பாலம்.”

எங்கும் நிற்காமல் சொன்னேன்.

அந்த அம்மாவின் பேனா நின்றது. வீட்டுக்காரர் தலையைக் குனிந்துகொண்டார்.

“இது போன தடவை குடுத்ததும்மா. இன்னைக்குக் குடுத்தது வேற,” என்றார் அந்த அம்மா.

அழுகை வந்துவிட்டது. மறைக்கத் தெம்பில்லை. சீட்டு, கண்ணாடி, பல் தேய்ப்பது, கையால் மூடுவது எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

அவர் தாளில் பூஜ்யம் போட்டார். என் கண்ணெதிரேயே போட்டார். கையெழுத்துப் போடும் இடம் காலியாகவே இருந்தது.

பிறகு என் பழைய கோப்பைத் திறந்து தேதியைப் பார்த்தார். விரல் வைத்து ஐந்து சொற்களையும் ஒவ்வொன்றாகச் சரிபார்த்தார்.

“ஆறு மாசம் ஆச்சு. வரிசைகூட மாறல,” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

பூஜ்யம் போட்ட தாளை மூடி வைத்தார். ஒரு வெற்றுத்தாளை எடுத்து மேசையில் வைத்தார்.

“குழாயில பேரு ஒட்டறதுக்கு முன்னாடி பின்னாடின்னு மொத்தம் எத்தனை வேலை செய்யணும்?”

இத்தனை மாதத்தில் யாரும் இதைக் கேட்டதில்லை. ஆளின் வாயால் பெயரைச் சொல்லவைக்க வேண்டும். அதைப் பரிசோதனைச் சீட்டோடு ஒத்துப்பார்க்க வேண்டும். ரத்தம் எடுக்க வேண்டும். அந்த ஆள் எழுந்து போவதற்குள் பெயரை ஒட்ட வேண்டும். ஒட்டியதும் கையெழுத்துப் போட வேண்டும். மெதுவாக, ஒவ்வொன்றாக, விரல் விட்டு எண்ணினேன்.

ஒரு கை விரல்களோடு முடிந்துவிட்டது.

மூலையில் வீட்டுக்காரர் எல்லாப் பைகளிலும் பேனாவைத் தேடிக்கொண்டிருந்தார்.