மான்குட்டிக்கு ஒரு பெயர்

இந்த சசிகலாவுக்கு வீட்டில் வேலையே கிடையாதா என்று ரேணுகாதேவிக்குத் தீராத ஆச்சரியம்.

பிள்ளையைக் கோடை முகாமில் விட்டோமா, வேலூர் பஸ்ஸைப் பிடித்தோமா என்றில்லாமல், மலையடிவாரத்து மிருகக்காட்சிச் சாலையின் கம்பி வேலிக்கு வெளியே பெட்ஷீட்டை விரித்துப் பொழுதன்னைக்கும் உட்கார்ந்திருக்கிறாள். முகாம் தொடங்கியதிலிருந்து ஒரு நாள் தவறவில்லை. பக்கத்துப் பெட்ஷீட்டிலிருந்து ரேணுகாதேவி கவனித்துக்கொண்டுதானே இருந்தாள்.

பெற்றோர் காலையில் விட்டுவிட்டுப் போகலாம், சாயங்காலம் வந்து அழைத்துக்கொள்ளலாம் என்று முதல் நாளே சொல்லியிருந்தார்கள். அது மற்ற பெற்றோருக்கு.

இன்று கடைசி நாள், போட்டி. முகாம் முழுக்க ஒரே விலங்கைக் கவனித்து, அதன் பெயரைச் சொல்லாமல், கண்ணால் பார்த்ததை மட்டும் பிள்ளைகள் சொல்ல வேண்டும். கேட்கிறவர்கள் என்ன விலங்கு என்று கண்டுபிடிக்க வேண்டும். ஜெயிக்கிற பிள்ளைதான், புதிதாகப் பிறந்த புள்ளிமான் குட்டிக்குப் பெயர் வைக்கும்.

பெயரை ரேணுகாதேவி எப்போதோ வைத்தாகிவிட்டது. ஏஞ்சல். சொந்தக்காரர்கள் எல்லாருக்கும் போன் போட்டுச் சொல்லியும் ஆகிவிட்டது. போட்டோவில் எடுப்பாக இருக்கட்டும் என்று நீலப் பட்டுப் புடவை வேறு. மே மாத வெயிலில் அது உடம்போடு ஒட்டிக்கொண்டு உயிரை வாங்கியது.

மகள் தமிழரசி நாலாவது முடித்தவள். அவளுக்காக ரேணுகாதேவி மயிலைப் பற்றிச் செல்போனில் தேடி, நாலு பக்கத்துக்கு ஆங்கிலப் பேச்சு தயார் செய்திருந்தாள். காலையில் முகாம் நடத்தும் அன்பரசன் சார் அந்தப் பக்கம் திரும்பியதும் மகளை வேலியோரம் வரவழைத்து, கம்பி வழியே சப்பாத்தி ரோலை வாயில் வைத்தாள்.

“ஷோல்டரை நிமித்து. எங்க, ஒரு வாட்டி சொல்லு பாக்கலாம்.”

“மம்மி, நான் மயில பாக்கவே இல்ல. வேற ஒண்ணத்தான் பாத்தேன்.”

“உன்னை யாருடி பாக்கச் சொன்னது? மனப்பாடம் பண்ணதைச் சொல்லு.”

போட்டிக்குப் பெற்றோரை உள்ளே விட்டார்கள். முதலில் சசிகலாவின் மகன் கோகுலகிருஷ்ணன்.

“தி பீகாக் இஸ் அவர் நேஷனல் பர்ட்.”

ரேணுகாதேவி நிமிர்ந்து உட்கார்ந்தாள். வரிக்கு வரி அவள் எடுத்த அதே பேச்சு. அதே செல்போன் பக்கம்.

அன்பரசன் சார் சிரித்தார். “பேரச் சொல்லக் கூடாதுப்பா. சரி, நீ பாத்தது இன்னா?”

பையன் அம்மாவைப் பார்த்தான். அதுவரை கூடவே அசைந்துகொண்டிருந்த சசிகலாவின் உதடுகள் நின்றுபோயின.

ரேணுகாதேவிக்கு வயிறு குளிர்ந்தது. “பாவம் புள்ள, அவங்கம்மா எழுதிக் குடுத்ததை ஒப்பிக்குது” என்று பக்கத்திலிருந்த இன்னொரு பிள்ளையின் அம்மா சகுந்தலாவிடம், சசிகலாவுக்கும் கேட்கும்படி சொன்னாள்.

அடுத்து தமிழரசி. காகிதத்தைப் பெஞ்சிலேயே வைத்துவிட்டு வெறுங்கையோடு போனாள்.

“நான் பாத்தது எப்பவும் கம்பியப் புடிச்சிக்கினு நிக்கும். குட்டி எங்க போனாலும் கம்பியோரமாவே கூட வரும். குட்டிக்குப் பசிக்கலன்னாலும் வாயில திணிக்கும். குட்டி கீழ விழுந்தா மொதல்ல முதுகுல ஒண்ணு வெச்சிட்டு, அப்புறம்தான் தடவிக் குடுக்கும்.”

“கொரங்கு” என்று பின்வரிசையில் பிள்ளைகள் கத்தினார்கள். தமிழரசி இல்லை என்று தலையாட்டினாள்.

“அதே மாதிரி இன்னொண்ணு கிட்ட வந்தா பல்லக் காட்டும். அது அந்தாண்ட போனதும் உர்ருனு ஆய்டும்.”

ரேணுகாதேவி சகுந்தலாவின் தொடையைக் கிள்ளினாள். “அப்படியே சசிகலாதான், இல்ல?”

சகுந்தலா வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள்.

“நாள்பூரா கத்தும். கோவம்னு நெனச்சேன். பயந்தாதான் அப்பிடிக் கத்தும்னு சார் சொன்னாரு. மத்த குட்டிங்கல்லாம் முன்னாடி போய்டுமோன்னு அதுக்கு பயம். பாவம் சார் அது.”

அன்பரசன்தான் முதலில் கை தட்டினார். “இவ்ளோ உன்னிப்பா இங்க யாருமே பாக்கல. மான்குட்டிக்குப் பேரு நீதாம்மா வைக்கப்போற.”

ரேணுகாதேவி கொசுவத்தைச் சரிசெய்துகொண்டு எழுந்தாள். சசிகலாவை ஒரு பார்வை பார்த்துவிட்டு, செல்போனைத் தூக்கிப் பிடித்து வீடியோவை அமுக்கினாள்.

“ஆனா இன்னா மிருகம்னு எனக்கே புரியல” என்றார் சார். “எந்தக் கூண்டுல பாத்த?”

“கூண்டுல இல்ல சார், வேலிக்கு அந்தாண்ட. இன்னிக்கி நீலப் பொடவ கட்டிக்கினு உள்ளயே வந்திருக்குது.”